திரையில் மேதை, ஓசூரில் ஷிப்ட்

2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் கிராமத்தில் ஒரு கல்யாணம் நடந்தது. முகூர்த்தம் ஊர் வழக்கப்படிதான். வரவேற்பு மட்டும் கணினிக்குள். கொரோனாக் கட்டுப்பாடுகளால் சொந்தபந்தங்களைத் திரட்ட முடியாத நேரம் அது. ஹாரி பாட்டர் படங்களில் வரும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் சாயலில் ஒரு மண்டபத்தை மெட்டாவெர்ஸில் கட்டினார்கள். கட்டித் தந்தது சென்னையைச் சேர்ந்த ஒரு இளம் நிறுவனம். விருந்தினர்கள் அவரவர் ஊரில் இருந்தபடியே செல்போனிலும் லேப்டாப்பிலும் ஆளுக்கொரு பொம்மை உருவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இந்தியாவிலேயே முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின. மணமக்களை ஆசீர்வதிக்க அந்த மண்டபத்தில் ஒருவர் நின்றிருந்தார். மணமகளின் தந்தை. கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டவர்.

மண்டபம் ஆங்கிலப் படத்திலிருந்து வந்தது. ஆனால் அதற்குள் அப்பாவை நிற்கவைத்தது எங்கிருந்து வந்தது? கணினி மேதைகளையும் மெய்நிகர் உலகங்களையும் வைத்து நம்மூரில் எடுக்கப்பட்ட படங்களை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதே வரிசையில் ஒரு பெரிய ஓட்டையும் தெரியும். அந்த ஓட்டை சிவலிங்கபுரம் இருக்கும் இதே மாவட்டத்தைப் பற்றியது.

முதலில் மேற்கே கொஞ்சம் போய்வருவோம். கணினிக்குள் ஒரு போலி நகரம் என்ற கற்பனைக்கு ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று, டேனியல் கலூயி என்ற அமெரிக்கர் 1964இல் எழுதிய ‘சிமுலாக்ரான்-3’ நாவல். அந்த நகரத்தை எதற்காகக் கட்டுகிறார்கள்? மக்களிடம் கருத்துக்கணிப்பு எடுக்கும் செலவை மிச்சப்படுத்த. பொருள் விற்குமா விற்காதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1973இல் இதைத் தொலைக்காட்சிக்காக இரண்டு பாகங்களாக எடுத்தார். 1982இல் வந்த ‘ட்ரான்’ படத்தில், தான் எழுதிய வீடியோ கேம்களைக் கம்பெனி மேலாளர் திருடிக்கொண்டார் என்பதை நிரூபிக்கப் போகும் ஒருவன் கணினிக்குள் இழுக்கப்படுகிறான். ‘மேட்ரிக்ஸ்’ (1999) நாயகன் பகலில் மென்பொருள் கம்பெனி ஊழியன். தாமதமாக வந்ததற்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்குகிறான். பிறகு தெரியவரும் உண்மையில் மனித குலம் முழுவதும் இயந்திரங்களுக்கு மின்சாரம் தரும் பேட்டரி. ஸ்பீல்பெர்க்கின் ‘ரெடி பிளேயர் ஒன்’ (2018) படத்தில் கடனைக் கட்டாதவர்களைப் பிடித்துப்போய், தலையில் கண்ணாடியை மாட்டி, விளையாட்டு உலகத்துக்குள்ளேயே கொத்தடிமை வேலை வாங்குகிறது ஒரு நிறுவனம்.

இவற்றையெல்லாம் தத்துவப் படங்கள் என்று பேசுவது வழக்கம். எது நிஜம், எது நிழல் என்ற கேள்வி இவற்றில் உண்டுதான். ஆனால் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முதலாளியும் ஒரு வேலைக்காரனும் நிற்கிறார்கள். யாருடைய உழைப்பு யாருக்குச் சொந்தம் என்பதுதான் சண்டை.

தமிழில் கதை வேறு மாதிரி தொடங்கியது, தொடங்கிவைத்தவரும் வேறு மாதிரி ஆள். சுஜாதா என்ற பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் பொறியாளர். வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் அந்த இயந்திரம் முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. அதாவது தமிழ்ப் பொதுமக்களுக்குக் கணினியைக் கதையாகச் சொன்னவர், பகலில் அரசாங்கச் சம்பளத்துக்கு மின்னணுச் சாதனம் செய்துகொண்டிருந்தவர். அவருடைய தொழிற்சாலைக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் எல்லைக்கும் இடையில் பெங்களூர் நகரம் மட்டும்தான்.

‘என் இனிய இயந்திரா’வை எண்பதுகளில் அவர் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார், பிறகு தூர்தர்ஷனிலும் அது வந்தது. கதை நடப்பது 2021இல். ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான், குழந்தை பெறுவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, ஒளியால் ஆன ஹோலோகிராம் பிம்பம்தான் என்று தெரியவருகிறது. மெய்நிகர் ஆட்சியாளன் என்ற இந்தக் கற்பனை அந்தக் காலத்துக்கு எவ்வளவு துணிச்சலானது என்று இன்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் வாசகர்கள் மனத்தில் தங்கியது ஜீவா இல்லை, ஜீனோ. பேசும், படிக்கும், கிண்டலடிக்கும் இயந்திர நாய். வீட்டுக்குள் வந்து மடியில் ஏறிக்கொண்ட இயந்திரம். தமிழ்ப் பொதுமனம் எதைக் கவ்விக்கொள்ளும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1986இல் வந்த ‘விக்ரம்’ படத்துக்கும் கதை சுஜாதாதான். அக்னிபுத்திரன் என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. அதை முடக்கக் கமல்ஹாசனோடு ஒரு கணினி நிபுணர் அனுப்பப்படுகிறார். அந்த நிபுணர் ஒரு பெண், லிஸி நடித்தார். தமிழ்த் திரையின் முதல் கணினி மேதைகளில் ஒருவர் பெண் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். பின்னால் வந்த ‘ஆரம்பம்’ (2013) படத்தின் ஹேக்கர் ஆர்யா, ‘இரும்புத்திரை’யின் வில்லன் ஹேக்கர் அர்ஜுன், ‘கோப்ரா’வின் (2022) கணித மேதை விக்ரம் என்று மேதை ஆணாகிவிட்டார். ‘விவேகம்’ (2017) படத்தில் அக்‌ஷரா ஹாசன், ‘கேம் ஓவர்’ (2019) படத்தில் டாப்ஸி என்று அபூர்வமாகத்தான் பெண்கள் திரும்பி வந்தார்கள்.

2010 அக்டோபரில் வந்த ‘எந்திரன்’ இந்த வரிசையின் நடுத்தூண். நாயகனாக நடித்த ரஜினிகாந்தின் பூர்வீகம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம் என்பது இந்தப் பகுதிக்காரர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பெருமை. படத்தைக் கவனமாகப் பார்த்தால், அறிவியல் புனைவின் தோலுக்குள் ஒரு குடும்பப் படம் இருக்கிறது. விஞ்ஞானி வசீகரன் செய்த இயந்திரத்துக்குச் சிட்டி என்று பெயர் வைப்பது அவனுடைய அம்மா. சிட்டி வீட்டுக்கு வருகிறான், சமைக்கிறான், பிரசவம் பார்க்கிறான். உணர்ச்சி ஊட்டப்பட்டதும் அவன் கேட்பது விடுதலையோ அதிகாரமோ இல்லை; கல்யாணம். அதுவும் தன்னைப் படைத்தவனின் காதலியை. தீவிபத்தில் சிட்டி காப்பாற்றும் பெண் மானத்துக்கு அஞ்சிச் சாகிறாள். அந்த மானம் புரியாததுதான் இயந்திரத்தின் முதல் தோல்வி. உறவுமுறையும் மானமும் தெரிந்தால் மனிதன், தெரியாவிட்டால் இயந்திரம். இயக்குநர் ஷங்கர் வகுத்த இலக்கணம் இதுதான்.

இதே இலக்கணம் மற்ற படங்களிலும் ஓடுகிறது. ஷாருக் கானின் ‘ரா.ஒன்’ (2011) இந்திப் படம், தமிழிலும் டப்பிங் ஆனது. அதன் நாயகன் சேகர் சுப்ரமணியம் லண்டனில் வீடியோ கேம் செய்யும் தமிழன். மகன் கேட்டான் என்று வெல்லவே முடியாத ஒரு வில்லனைப் படைக்கிறான். வில்லன் விளையாட்டை விட்டு வெளியே வந்து படைத்தவனையே கொல்கிறான். பிறகு செத்துப்போன அப்பாவின் முகத்தோடு விளையாட்டின் நாயகன் வெளியே வந்து அந்தக் குடும்பத்தைக் காக்கிறான். மேற்கத்திய நாயகன் கணினிக்குள் போவான். நம்முடையவர்கள் கணினிக்குள் இருப்பதை வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். சி. வி. குமாரின் ‘மாயவன்’ (2017) மனித நினைவுகளை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்கு மாற்றும் விஞ்ஞானியைப் பற்றியது. சித்தர் கதைகளில் வளர்ந்தவர்களுக்குக் கூடுவிட்டுக் கூடு பாய்வதை விளக்கத் தேவையில்லை என்பது இயக்குநருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தியது. ‘2.0’ (2018) படத்தில் செல்போன்கள் கைகளிலிருந்து பறந்துபோய்ப் பறவையாகச் சேர்கின்றன. உள்ளே இருப்பது தற்கொலை செய்துகொண்ட பறவை ஆய்வாளர்.

இவற்றில் மிக நேர்த்தியானது அஸ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ என்பேன். வீடியோ கேம் வடிவமைக்கும் ஸ்வப்னா இருட்டைக் கண்டு அஞ்சுபவள், பேக்-மேன் ஆடிக்கொண்டு வாழ்பவள். அவள் குத்திக்கொண்ட பச்சையின் மையில், கொலையுண்ட ஒரு பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்துவிடுகிறது. கொலைகாரர்கள் அவள் வீட்டுக்குள் நுழையும்போது, விளையாட்டில் வருவதுபோல அவளுக்கு மூன்று உயிர்கள் கிடைக்கின்றன. கேமின் விதியும் செத்தவளின் துணையும் ஒரே தோலில் எழுதப்பட்டிருக்கின்றன. பெரிய கிராபிக்ஸ் எதுவும் இல்லாமல் இதைச் சாதித்திருக்கிறார்கள்.

திரைக்கதைகள் செய்ததைத் திரைத்தொழிலும் செய்தது. 2009இல் மறைந்த நாகேஷ், 2014இல் வந்த ‘கோச்சடையான்’ படத்தில் கணினி உருவமாக நடமாடினார். 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்த் அடுத்த ஆண்டே ‘கோட்’ படத்தில் தோன்றினார். ‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஏ. ஆர். ரஹ்மான் பாடவைத்தார். சிவலிங்கபுரம் மணமகளின் தந்தை இந்த வரிசையில் ஒருவர். செத்தவருக்குப் படம் மாட்டி, படையல் போட்டு, நல்ல காரியத்துக்கு முன் அவரை நினைத்துக் கும்பிடும் வீடுகளில் மெய்நிகர் உருவம் அந்நியமாகத் தெரியவில்லை. இது நம் படங்கள் சரியாகப் பிடித்த விஷயம். வெளிநாட்டுப் படத்தைக் காப்பியடிக்கிறார்கள் என்ற வசை பொதுவாக நம்மவர்கள் மேல் உண்டு. இந்த ஒரு இடத்தில் அது செல்லாது.

இனி ஓட்டைக்கு வருகிறேன். கம்பெனி எங்கே? ‘எந்திரன்’ வில்லன் போரா ஒரு பொறாமை பிடித்த பேராசிரியர். ‘இரும்புத்திரை’ வில்லன் தனி ஆள். வசீகரன் தன் கூடத்தில் சிட்டியை ஏறக்குறையத் தனியாகவே செய்து முடிக்கிறான். இரண்டு உதவியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலை சிரிப்பு மூட்டுவது. கடைசிப் பகுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் வரும்போதோ இயந்திரங்களே தங்கள் நகல்களைச் செய்துகொள்கின்றன. ஒரு திருகை முடுக்கும் தொழிலாளியின் கை படத்தில் எங்குமே கிடையாது. ‘2.0’ படத்தில் கோடிக்கணக்கான செல்போன்கள் பறக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் யார் என்ற கேள்வி எழவேயில்லை.

‘இரும்புத்திரை’க்கு (2018) மட்டும் ஒரு விலக்கு தரலாம். ராணுவத்தில் இருக்கும் நாயகன் தங்கையின் கல்யாணத்துக்காக, ஏஜென்ட் தயாரித்த போலிக் காகிதங்களைக் காட்டி வங்கியில் கடன் வாங்குகிறான். வந்த பணம் கணக்கிலிருந்து ஒரே நொடியில் காணாமல் போகிறது. போலிக் காகிதம் கொடுத்ததால் போலீசுக்கும் போக முடியாது. மெய்நிகர் உலகம் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு உண்மையில் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை பி. எஸ். மித்ரன் கண்டுகொண்டார். இடைவேளைக்குப் பிறகு படம் வழக்கமான இருவர் சண்டையாகிவிடுகிறது.

திரையில் காணாத அந்தத் தொழிலாளர் கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஓசூருக்கு வர வேண்டும். எழுபதுகளில் சிப்காட் இங்கே தொழிற்பேட்டை போட்டது. 1980 வாக்கில் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை இங்கே நிறுவியது. இப்போது எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள்: ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா. ஐபோனின் உலோக உடலைச் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் ஓசூருக்கு அருகேதான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் எலக்ட்ரானிக் சிட்டி. போனுக்குள் ஓடும் மென்பொருள் அந்தப் பக்கம், போனின் உடம்பு இந்தப் பக்கம் என்று நெடுஞ்சாலை கோடு போட்டுப் பிரித்ததுபோல இருக்கிறது.

இன்னொன்று. மெய்நிகர் உலகம் ஓசூருக்குப் புதிதே இல்லை. இங்குள்ள டூல் ரூம்களில் ஐடிஐயோ டிப்ளமோவோ படித்த பையன் கணினி முன் உட்கார்ந்து தினமும் ஓர் உலகத்தைக் கட்டுகிறான். வெட்டப்போகும் உலோகக் கட்டி, அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், வெட்டும் கருவி எல்லாம் திரையில் உருவமாக நிற்கும். கருவி எந்த வழியில் போக வேண்டும் என்று அவன் வகுத்ததும் மென்பொருள் அதைத் திரையிலேயே வெட்டிக் காட்டும். கருவி கிளாம்பில் மோதினால் அங்கேயே தெரிந்துவிடும். சரியாக வந்த பிறகுதான் அந்தக் கட்டளைகள் நிஜ சிஎன்சி இயந்திரத்துக்குப் போகின்றன. திரையில் மோதினால் திருத்திக்கொள்ளலாம். நிஜத்தில் மோதினால் சுழலும் ஸ்பிண்டில் பழுதாகும், லட்சக்கணக்கில் செலவு வரும், ஷிப்ட் நின்றுபோகும். நிஜத்துக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டை ‘மேட்ரிக்ஸ்’ நாயகனைவிட இந்தப் பையன் தெளிவாக அறிவான். தமிழ்த் திரை இவனைத் தேடி வரவில்லை.

இவனைவிடவும் மறைந்திருப்பவர்கள் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்கள். ஓலா தன் போச்சம்பள்ளி ஆலையைப் பத்தாயிரம் பெண்களைக் கொண்டு நடத்தப்போவதாக 2021இல் அறிவித்தது. டாட்டா எலக்ட்ரானிக்ஸிலும் பெரும்பாலோர் இளம்பெண்கள். ஜார்க்கண்ட் போன்ற தொலைமாநிலங்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். கம்பெனி பஸ், ஹாஸ்டல், ஷிப்ட், மறுபடி கம்பெனி பஸ். ஜார்க்கண்டிலிருந்து வந்தவள் தன் அம்மாவை வீடியோ காலில்தான் பார்க்கிறாள். நம் படங்கள் உருகி உருகிச் சொல்லும் ‘தூரத்து உறவு திரையில் வருகிறது’ என்ற கற்பனை அவளுக்கு அன்றாடம். அவள் கையில் இருக்கும் போனுக்கு ஒரு கடன் தவணையும் இருக்கும். ‘விக்ரம்’ படத்துக்குப் பெண் மேதையைத் தந்த திரையுலகம், இத்தனை பெண்கள் மின்னணுச் சாதனம் செய்யும் காலத்தில் அவர்களில் ஒருத்தியைக்கூட நாயகியாக்கவில்லை.

அங்கே நாடகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 டிசம்பர் 12 அன்று எல்லைக்கு அப்பால் கோலார் மாவட்டம் நரசாபுராவில், ஐபோன் அசெம்பிள் செய்த விஸ்ட்ரான் ஆலைக்குள் தொழிலாளர்கள் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். சம்பளம் ஒழுங்காக வரவில்லை என்பது புகார். வேலைநேர நிர்வாகத்தில் விதிமீறல் நடந்திருந்ததை ஆப்பிள் தன் விசாரணையில் கண்டு, புதிய ஆர்டர்களை நிறுத்திவைத்தது. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம் என்று இயந்திரம் ஒரு கணக்குச் சொல்ல, உடம்பு வேறு கணக்குச் சொல்லும் இடம் அது. ஃபாஸ்பிண்டர் இருந்திருந்தால் அங்கே கேமராவை வைத்திருப்பார். அந்த ஆலையை 2023இல் டாட்டா வாங்கியது.

இந்தப் படங்களைப் பார்ப்பதற்கும் கர்நாடக எல்லைக்கும் சம்பந்தம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசும் ஊர் ஓசூர். கர்நாடகத்தில் பல பத்தாண்டுகளாக டப்பிங் படங்களுக்கு எழுதாத தடை இருந்தது. அதனால் ‘அவதார்’ (2009) தமிழிலும் தெலுங்கிலும் வந்தது, கன்னடத்தில் வரவில்லை. ‘எந்திரன்’ தெலுங்கிலும் இந்தியிலும் பேசினான், கன்னடத்தில் பேசவில்லை. 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் இந்தத் தடைக்கு எதிராக உத்தரவிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. அஜித்தின் ‘என்னை அறிந்தால்’ 2017இல் கன்னடம் பேசி வந்தது. 2022இல் ‘அவதார்’ இரண்டாம் பாகத்துக்குக் கன்னட வடிவமும் இருந்தது. ஆக, கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஓசூர்க்காரர் ஒருவர் நெடுங்காலம் மெய்நிகர் உலகங்களைத் தமிழிலோ தெலுங்கிலோதான் பார்த்திருக்க முடியும். 2018இல் ‘காலா’வுக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்தபோது பெங்களூர் ரசிகர்கள் எல்லை தாண்டி ஓசூர்த் தியேட்டருக்கு வந்தார்கள். படம் பார்க்க ஊருக்கு வருகிறார்கள். ஊரைப் படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆள் இல்லாததற்குக் காரணம் பணம் இல்லை. ‘கேம் ஓவர்’ பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நடந்த படம். மேதை என்றால் தனி ஆள், படைப்பு என்றால் ஒரே இரவில் ஒற்றை மூளையில் உதிப்பது என்ற சினிமா நம்பிக்கைதான் காரணம். நட்சத்திரத்துக்கு அது வசதி. பாரத் எலக்ட்ரானிக்ஸில் குழுவோடு வேலை பார்த்த சுஜாதாவுக்கு இது பொய் என்று தெரியும். ஆனால் அவர் கதை எழுதிய படங்களிலும் நாயகன் ஒருவன்தான்.

நம் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறவு பற்றி இந்தப் படங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன; செத்த அப்பாவைத் திரும்பக் கொண்டுவரும் கலையைச் சிவலிங்கபுரத்தில் மக்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மெய்நிகர் உலகப் படத்துக்குக் கதை தேடுபவர்கள், ஷிப்ட் மாறும் நேரத்தில் ஓசூர் சிப்காட் சாலையில் கொஞ்சம் நின்று பார்க்கட்டும்.